நின்றுபோன கடி திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

என் மகன் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வதை நிறுத்தி 63 நாள் ஆகியிருந்தது. காலண்டரில் தினமும் ஒரு புள்ளி வைத்து வந்ததால் கணக்கு சரியாகத் தெரியும். 64-ம் நாள் மதியம் மாமியாரிடமிருந்து போன். "திரும்பவும் கடிச்சுக்கிட்டான்மா. ரத்தம் வருது."

நான் வீடு வந்து சேர்ந்தபோது அவன் தூங்கிவிட்டிருந்தான். பழைய தழும்பின் மேலேயே புதுக் காயம். மாமியார் அழுது ஓய்ந்திருந்தார். என்ன நடந்தது என்று மெல்லக் கேட்டேன். ஒர்க்‌ஷீட் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான்கு வரி எழுதியிருக்கிறான். "அப்புறம் கால்சட்டைப் பையைத் தொட்டான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் பையைத் தொட்டான். எனக்கு ஒண்ணும் புரியலை. இன்னும் ரெண்டு வரிதான் கண்ணு, எழுதிடுன்னேன்." அதற்கடுத்துத்தான் கடி.

அந்தப் பையில் இருந்திருக்க வேண்டிய 'பிரேக்' கார்டு (வேலையை நிறுத்திக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று கேட்க அவன் நீட்டும் அட்டை), துவைக்கப் போட்டிருந்த வேறொரு கால்சட்டையில் இருந்தது.

அவனுக்கு அப்போது 9 வயது. ஆட்டிசம், பேச்சு இரண்டு மூன்று சொற்கள்தான். எழுதச் சொன்னால், வரிசையில் நிற்கச் சொன்னால், தலை வாரினால் கையைக் கடிப்பான். ஒரு நாளைக்கு 30, 40 தடவை நடந்த காலம் உண்டு. ஐந்து மாதம் பயிற்சி கொடுத்து அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார் எங்கள் தெரபிஸ்ட். கடித்தால் வேலையிலிருந்து தப்பலாம் என்று அவன் கற்றிருந்தான். அதே பலனை ஒரு கார்டை நீட்டியே வாங்கலாம் என்று அவர் கற்றுக்கொடுத்தார். இந்த முறைக்குப் பெயர் ஃபங்ஷனல் கம்யூனிகேஷன் டிரெயினிங். 1985-ல் கார், டியூரண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நான்கு பிள்ளைகளிடம் செய்து காட்டிய வழி அது. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

நான் எழுதப்போவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. கடி, அடி, தலைமோதல், பொருளை வீசுதல் எதுவாகவும் இருக்கட்டும். பயிற்சி பலித்து, வீடு கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்திருக்கிறது. இனி அது திரும்பாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? பயிற்சியே இன்னும் தொடங்கவில்லை என்றால் முதலில் ஒரு நிபுணரிடம் போங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பழக்கத்தை வீட்டில் தனியாகக் கையாளப் பார்க்காதீர்கள்.

பழசு அழிவதில்லை

நான் செய்த பெரிய தவறு, 63 புள்ளிகளைப் பார்த்துவிட்டுக் கடி 'போய்விட்டது' என்று நினைத்தது. அது போவதே இல்லை. புதிய வழி நன்றாகப் பலன் தருகிறவரை பழைய வழி பின்னால் ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு எலிச் சோதனை. 1970-ல் லைட்டன்பர்க் என்பவரும் அவருடைய குழுவும் செய்தது. ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு வரும் என்று எலிகள் கற்றன. பிறகு அதில் உணவை நிறுத்தி, வேறொரு நெம்புகோலில் கொடுத்தார்கள். எலிகள் முதல் நெம்புகோலை விட்டுவிட்டன. பழக்கம் ஒழிந்தது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். ஆனால் இரண்டாவதிலும் உணவை நிறுத்தியதும் எலிகள் மறுபடி முதல் நெம்புகோலுக்கே போயின.

என் மகனுடைய இரண்டாவது நெம்புகோல் அந்தக் கார்டு. 64-ம் நாள் அது வேலை செய்யவில்லை. அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை, 'கெட்டுப்போகவும்' இல்லை. இரண்டு தடவை மரியாதையாகக் கேட்டான். பதில் வரவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த பழைய வழிக்குப் போனான்.

நடத்தை ஆய்வுத் துறையில் இதை ரீசர்ஜென்ஸ் என்கிறார்கள். இது அபூர்வமும் அல்ல. கார்டு போன்ற மாற்றுவழிக்குக் கிடைக்கும் பலனைப் படிப்படியாகக் குறைக்கும்போது பழைய நடத்தை எத்தனை பேரிடம் தலைகாட்டுகிறது என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. அதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அன்று ராத்திரி முழுக்க என்னையே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். உங்களுக்கும் நடந்தால், எதிர்பார்க்கக்கூடியதுதான் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

கேட்கும் வழி ஒன்று மட்டும் போதாது

மறுநாள் நான் செய்த முதல் காரியம், கார்டை ஆறு பிரதி எடுத்து லேமினேட் செய்தது. ஒன்று அவன் பையில், ஒன்று படிக்கும் மேஜையின் ஓரத்தில் ஒட்டி, ஒன்று பள்ளிப் பையில், ஒன்று மாமியாரிடம், ஒன்று என் கைப்பையில், ஒன்று குளியலறைக் கதவில். தலை வாருவதும் பல் தேய்ப்பதும் அங்கேதான், அதனால்.

ஆனால் பிரதி எடுப்பது பாதி வேலைதான். கார்டு இல்லாத இடத்திலும் அவன் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கார்டோடு ஒரு சைகையும் (உள்ளங்கையை முன்னால் காட்டுவது), 'போதும்' என்ற சொல்லும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தோம். ஒரே சமயத்தில் அல்ல. சைகை நன்றாகப் படிந்த பிறகு சொல். 'போதும்' அவன் வாயில் 'ஓதும்' என்றுதான் வரும். அதற்கும் உடனே பிரேக்தான். உச்சரிப்பைத் திருத்த அது நேரமில்லை. கேட்கும் வழி பல இருந்தால் ஒன்று பலிக்காதபோது அடுத்ததை முயன்று பார்ப்பான், கடி வரிசையில் பின்னுக்குப் போகும்.

இன்னொன்று. பிரேக் என்றால் நிஜமான பிரேக்காக இருக்க வேண்டும். "சரி, பிரேக் எடுத்துக்கோ, அதுக்குள்ள இது என்ன கலர் சொல்லு?" என்று நானே கேட்டிருக்கிறேன். அது அவனுக்கு இன்னொரு வேலை. பிரேக் நேரத்தில் கேள்வி, திருத்தம், கொஞ்சல் எதுவும் வேண்டாம். கடி கொடுத்த விடுதலையைவிடக் கார்டு கொடுக்கும் விடுதலை தரம் குறைந்ததாக இருந்தால் அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

காத்திருக்கப் பழக்குவது

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலான வீடுகளில் அவசரப்பட்டுச் செய்கிறார்கள், அல்லது செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பழையதை அழைத்துவரும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் உடனே பிரேக் கொடுப்போம். கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்தில் 20 தடவை கார்டு வந்தால் எந்த வகுப்பும் நடக்காது, தலை வாரியும் முடியாது. அப்போது பெரியவர்கள் தங்களை அறியாமல் கார்டைக் கண்டும் காணாமல் விட ஆரம்பிப்பார்கள். எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்று பிள்ளைக்குப் புரியாது. எலியின் இரண்டாவது நெம்புகோல் நின்றுபோனது போலத்தான் அதுவும். ஆகவே, உலகம் தாறுமாறாகக் குறைப்பதற்கு முன்னால் நாம் ஒழுங்காகக் குறைக்க வேண்டும்.

நாங்கள் செய்தது இது. என் மணிக்கட்டில் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் சிவப்புமாக ஒரு துணிப்பட்டை. பச்சை வெளியே தெரிந்தால், கேட்டதும் பிரேக். சிவப்பு தெரிந்தால், இப்போது இல்லை, ஆனால் பச்சை வரும். முதல் வாரம் பெரும்பாலும் பச்சைதான். சிவப்பு வெறும் 5 விநாடி. அவன் கார்டை நீட்டும் முன்பே பட்டை பச்சைக்குத் திரும்பிவிடும். சிவப்பு ஆபத்தில்லை என்று அவன் உடம்புக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அந்த 5 விநாடியின் வேலை. பிறகு 10, 20, 40 விநாடி, ஒன்றரை நிமிடம், 3 நிமிடம். இரண்டு நாள் தொடர்ந்து அமைதியாக இருந்தால் ஒரு படி ஏறுவோம். ஒரு கடி வந்தால், அல்லது கை வாய்ப்பக்கம் போனாலே, ஒரு படி இறங்குவோம். இறங்குவதில் வெட்கம் வேண்டாம். நாங்கள் 11 தடவை இறங்கியிருக்கிறோம்.

சிவப்பு இருக்கும்போது அவன் கார்டை நீட்டினால் பேசாமல் இருக்கக் கூடாது. பட்டையைத் தொட்டுக் காட்டி, "பார்த்தேன். இப்போ சிவப்பு. பச்சை வந்ததும் பிரேக்" என்று ஒரே மாதிரி சொல்ல வேண்டும். சொன்னபடி பச்சை வந்தவுடன் கொடுக்க வேண்டும். ஒரு சாயங்காலம் சிவப்பு நேரம் முடிந்து டைமர் அடித்த பிறகும், "நல்லா எழுதுறியே, இந்த ஒண்ணை மட்டும் முடிச்சிடு" என்று இழுத்தேன். அவன் டைமரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கடிக்கவில்லை. ஆனால் அடுத்த மூன்று நாளும் சிவப்பைக் கண்டதுமே முகம் இறுகியது. ஒரு நிமிடம் கூடுதலாக வாங்கியதற்கு மூன்று நாள் போயிற்று.

3 நிமிடத்தில் எங்களுக்கு நீண்ட முட்டுக்கட்டை. ஏறினால் கடி, இறங்கினால் அமைதி என்று மூன்று வாரம் போனது. அதை உடைத்தவை இரண்டு. ஒன்று, சிவப்பு நேரத்தில் கைக்கு ஒரு வேலை: அழுத்திப் பிசைய ஒரு பந்து, அல்லது அவனுக்குப் பிடித்த ஸ்டிக்கர்களை வரிசையாக ஒட்டுவது. வெறுமனே காத்திருக்கச் சொன்னால் பழைய பழக்கம் நுழைய இடம் நிறைய இருக்கும். இரண்டாவது, காத்திருக்கும் நேரத்தை எப்போதும் ஒரே நீளமாக வைக்காமல் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். சில நேரம் 3 நிமிடம், சில நேரம் 30 விநாடி, சில நேரம் கேட்டவுடனே. அடுத்தது சீக்கிரம் வரலாம் என்ற நம்பிக்கை இருந்தால் பிள்ளையால் தாங்க முடிகிறது.

மொத்தம் நான்கு மாதம் எடுத்தது. இப்போது 10 நிமிடம் காத்திருப்பான். அதற்கு மேல் நான் முயலப் போவதில்லை. பெரியவர்கள் நாமும்தான் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறோம். பிரேக் கேட்கும் உரிமையைப் பூஜ்யமாக்குவது ஒருபோதும் இலக்காக இருக்கக் கூடாது.

இடம் மாறினால், ஆள் மாறினால்

பயிற்சி மையத்தில் ஓர் அறை, நீலப் பாய், தெரபிஸ்ட் ஒருவர். கடி பிறந்து வளர்ந்ததோ எங்கள் வீட்டு மேஜையில். புதிய இடத்தில் ஒரு பழக்கம் அடங்கி, பழைய இடத்துக்கு வந்ததும் எழுந்துகொள்வதை ரினியூவல் என்கிறார்கள். மையத்தில் கற்ற அமைதி, 'இந்த அறையில் இப்படி' என்றே பிள்ளையின் மனதில் பதிந்துவிடக்கூடும். "அங்க அவ்வளவு நல்லா இருக்கான், வீட்டுக்கு வந்தா மட்டும் ஏன்?" என்று பெற்றோர் கேட்பதற்குப் பதில் பெரும்பாலும் இதுதான். ஸ்டோக்ஸ், பேயர் என்ற இருவர் 1977-லேயே எச்சரித்தார்கள்: ஓரிடத்தில் கற்றுக்கொடுத்துவிட்டு மற்ற இடங்களுக்கும் அது தானாகப் பரவும் என்று நம்பியிருக்காதீர்கள், பரவுவதற்கும் திட்டம் போடுங்கள் என்று.

கடி முன்பு எங்கெல்லாம் நடந்ததோ அந்த இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். குறைவாக நடந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு புதிய இடத்திலும் முதல் நாள் வேலை மிக எளிதாக இருக்கட்டும், பட்டை முழுக்கப் பச்சையாக இருக்கட்டும். அவன் தடுமாறும் முன்பே, முதல் இரண்டு நிமிடத்துக்குள், நீங்களே கார்டை அவன் கைக்குக் கொண்டுபோய் ஒரு பிரேக் வாங்க வையுங்கள். இங்கேயும் இது செல்லும் என்று அவனுக்கு நிரூபித்துக் காட்டுவது அது. அதே பட்டை, அதே கார்டு எல்லா இடத்துக்கும் கூடவே போகட்டும்.

ஆட்களைப் பழக்குவது இதைவிட முக்கியம். மாமியாரோடு நான் உட்கார்ந்து, நானே பிள்ளையாக நடித்தேன். கார்டை நீட்டினேன், சைகை காட்டினேன், வெறும் பையைத் தொட்டேன். 'ஓதும்' என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன செய்வது என்று பத்துப் பத்துத் தடவை செய்து பார்த்தோம். மூன்றாம் நாள் அவரே, "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அவன் கையைக் கடிச்சிருக்க மாட்டான்" என்றார். அந்தப் பாரத்தை அவர் சுமக்கக் கூடாது. சொல்லிக்கொடுக்காமல் விட்டது நான்.

பள்ளியில் ஆசிரியர் மாறும்போது நான் கொடுக்கும் தாளில் இவ்வளவுதான் இருக்கும்:

"கார்டு, உள்ளங்கை, 'ஓதும்', பையைத் தொடுவது: நான்குக்கும் அர்த்தம் பிரேக் வேண்டும். பட்டை பச்சையாக இருந்தால் உடனே 2 நிமிடம் பிரேக். சிவப்பாக இருந்தால் பட்டையைக் காட்டிச் சொல்லுங்கள், பச்சை வந்ததும் கொடுங்கள். முதல் வாரம் 3 நிமிடத்துக்கு மேல் சிவப்பு வேண்டாம். கை வாய்ப்பக்கம் போனால் வேலையைச் சுருக்கி, கார்டை நினைவூட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கார்டைப் பிடுங்கி வைக்காதீர்கள்."

கடைசி வரியை அடிக்கோடிட்டுக் கொடுப்பேன். தண்டனையாகக் கார்டை வாங்கி வைப்பது, பேசுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

நீண்ட விடுமுறைக்குப் பிறகு, புது வகுப்பு, வீடு மாற்றம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எதுவும் நடக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே இரண்டு படி இறங்கிவிடுங்கள். ஒரு வாரத்தில் திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

கார்டை எண்ணுங்கள்

நான் அந்த 63 நாளும் கடியைத்தான் எண்ணினேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அதிலிருந்து எதுவும் தெரியவில்லை. கார்டு எத்தனை தடவை வந்தது என்று தெரபிஸ்டின் நோட்டில் பின்னால் பார்த்தபோதுதான் புரிந்தது: முந்தைய வாரம் நாளுக்கு 14, 15 இருந்தது, கடைசி வாரத்தில் 5, 6 ஆகியிருந்தது. வேலை குறையவில்லை. அவன் கேட்பதை விட்டுக்கொண்டிருந்தான், ஏனென்றால் நாங்கள் பதில் சொல்வதை விட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்குகிறது. எத்தனை தடவை கேட்டான், எத்தனை தடவை கிடைத்தது, கை எத்தனை தடவை வாய்ப்பக்கம் போனது. மூன்றே கட்டம், கோடு போட்டால் போதும். 'கேட்டான்' குறைந்து 'கை போனது' கூடினால், கடி இன்னும் வராவிட்டாலும் அன்றைக்கே முழுப் பச்சைக்குத் திரும்பிவிடுவோம்.

திரும்பி வந்துவிட்டால்

முதலில் காயம் படாமல் பாருங்கள். எங்கள் தெரபிஸ்ட் காட்டியபடி ஒரு மெத்தை போன்ற கைக்காப்பு வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைக்கு எது பாதுகாப்பு என்று உங்கள் தெரபிஸ்டிடம் முன்பே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். சில விநாடி அமைதி கிடைத்ததும் கார்டைக் கையெட்டும் தூரத்தில் காட்டுங்கள். தொட்டால் பிரேக். கடித்ததற்காக வேலையை எடுத்துவிட்டால், எப்போதாவது ஒரு தடவை என்றாலும், கடிக்குப் பலன் கிடைத்ததாக ஆகிவிடும். எப்போதாவது மட்டும் பலன் தரும் பழக்கம்தான் கலைப்பதற்குக் கடினமாக ஊன்றிவிடும்.

மறுநாளிலிருந்து முழுப் பச்சை, எளிய வேலை, கார்டை நாமே நினைவூட்டுவது. எங்களுக்கு அந்த முறை 4 கடி, மறுநாள் 2, அதற்கடுத்து 1, பிறகு நின்றது. ஒரு வாரம் தாண்டியும் குறையாவிட்டாலோ, புதிதாக வேறு விதமாகத் தாக்கினாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ தெரபிஸ்டைக் கூப்பிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். போன வருஷம் ஒரு நாள் திடீரென்று தன் இடது கன்னத்தில் குத்த ஆரம்பித்தான். பட்டை, கார்டு, ஆட்கள் எதுவுமே மாறவில்லை. பிரேக் கொடுத்தாலும் நிற்கவில்லை. இரண்டாம் நாள் சாப்பிடும்போதுதான் கவனித்தேன், வலப்பக்கம் மட்டுமே மென்றான். இடது கடைவாய்ப் பல்லில் சொத்தை. பல் மருத்துவர் சரிசெய்த பிறகு குத்து நின்றது. பல், காது, மலச்சிக்கல், தூக்கம், புதிதாகத் தொடங்கிய அல்லது நிறுத்திய மருந்து: காரணமில்லாமல் திரும்பி வந்தது போலத் தெரிந்தால் முதலில் மருத்துவரிடம் போய் இவற்றைக் கேளுங்கள். வலிக்கு எந்தக் கார்டும் பிரேக் தராது. அதனால் 'வலிக்கிறது' என்று ஒரு தனிக் கார்டும், உடம்புப் படத்தில் தொட்டுக் காட்டவும் இப்போது பழக்கி வருகிறோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார். எல்லாம் நன்றாக இருக்கும்போதும் வருவார். மாதத்தின் முதல் ஞாயிறு நானும் மாமியாரும் ஆறு கார்டுகளையும் எடுத்துப் பார்ப்போம். ஓரம் கிழிந்திருந்தால் புதிதாக மாற்றுவோம், பட்டையின் நிறம் வெளுத்திருந்தால் வேறு தைப்போம். வாஷிங் மெஷின் மூடியில் மாமியார் தன் கையால் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறது: "பையைப் பார்த்துட்டுப் போடு."